கணினிக்குக் காற்று விட்ட கதை

என் பொறுப்பில் விட்ட பொருள் நாசமாவதற்கு இடியோ மழையோ தேவையில்லை. என் அக்கறையே போதும்.

எங்கள் முதல் கணினியை மின்னல் கொண்டுபோனது. (அது நான் இல்லை. குறித்துக்கொள்ளுங்கள்.) இரண்டாவதை எந்த மின்வெட்டும் தொடவிடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். மன்னார் ரவுனில் ஒரு யூபிஎஸ் வாங்கி, எங்கள் ஊர் இலுப்பைக்கடவை வரைக்கும் பஸ்ஸில் கைக்குழந்தை போல மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். கரண்ட் போனபிறகும் கணினிக்குக் கொஞ்ச நேரம் உயிர் கொடுக்கிற பெட்டி அது.

மனைவி ஆசிரியை. அன்று நாலு மணிக்குள் தன் பட்டப்படிப்பு ஆய்வறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பவேண்டும். தவறினால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்கவேண்டும். கையால் எழுதிவைத்த கொப்பியைப் பார்த்துக் கடைசி அத்தியாயத்தைத் தட்டி முடித்த நேரம் அடுப்பில் சோறு பொங்கியது. குசினிக்கு ஓடினாள்.

“இஞ்சருங்கோ, இதைச் சேமிச்சு விடுங்கோ! கரண்ட் போனா ஒழுங்கா நிப்பாட்டுங்கோ. வேற ஒண்டிலயும் கை வைக்காதேங்கோ!”

“ஓம், ஓம்.”

மவுஸில் கை வைக்கிறேன், கரண்ட் போனது. ஆனால் திரை அணையவில்லை! வெற்றி மயக்கத்தில் சேமிப்பதை மறந்துவிட்டு, கணினியைத் தடவிப் பார்த்தேன். கொதித்தது. பாவம், இந்த வெயிலில்! மேசை விசிறியை யூபிஎஸ்ஸில் செருகி, கணினியின் பக்கம் திருப்பிவிட்டேன்.

பக்கத்துவீட்டுச் சின்னராசா அண்ணை வாசலில் நின்றார்.

“என்னடாப்பா, ஊரெல்லாம் கரண்ட் இல்லை, உன்ர ஃபான் மட்டும் ஓடுது?”

“கணினிக்கு அண்ணை.”

“அதுக்கென்ன வேர்க்குதோ? எனக்கு வேர்க்குது, இஞ்சால திருப்பு.”

கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தார். திருப்பினேன். இரண்டு பேருக்கும் காற்றூட்டிய களைப்பில் பெட்டி கீச்சிடத் தொடங்கியது.

“அதின்ர வாயை மூடு தம்பி, கதைக்க விடுதில்லை.”

பெட்டியில் ஒரேயொரு பொத்தான்தான். சத்தம் நிற்கும்வரை அமுக்கிப் பிடித்தேன். சத்தம் நின்றது. விசிறி நின்றது. கணினியும் நின்றது.

“சேமிச்சிட்டியளோ?” குசினியிலிருந்து குரல்.

“மாட்டை மாத்திக் கட்டவேணும், நான் வாறன்” என்று அண்ணை எழும்பினார். (அவருக்கு மாடே இல்லை.)

கரண்ட் வந்தபோது மணி மூன்று. கணினியைப் போட்டுப் பார்த்தால் கடைசி அத்தியாயத்தைக் காணவில்லை. மனைவி கொப்பியை என் மடியில் போட்டாள்.

“பிறகு உங்களோட கதைக்கிறன். இப்ப வாசியுங்கோ, நான் தட்டுறன்.”

வாசித்தேன். ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் “சேமி!” என்று கத்தினேன்.

“காது அடைக்குது!”

“அடைக்கட்டும். சேமி!”

நாலுக்கு மூன்று நிமிடம் இருக்கையில் அறிக்கை போய்ச்சேர்ந்தது. பிறகு கோப்பை மூடி, கணினியை முறைப்படி நிறுத்தி, திரை கறுத்தபின் பெட்டியையும் அணைத்தாள். நான் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் பட்டம் வாங்கிவிட்டாள். எனக்கும் ஒரு பெயர் கிடைத்தது. போன திருவிழாவில் கோயில் ஒலிபெருக்கி கீச்சிட்டது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தனை சனத்துக்கும் நடுவில் மைத்துனன் கத்தினான்:

“அத்தானைப் பிடியுங்கோ! எழும்ப விடாதேங்கோ!”