எட்டில் நின்ற குமிழ்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயம். மிஷின் விவகாரமெல்லாம் எனக்கு அரைகுறை. பக்கத்து வீட்டு ஜெயம்மாள் சொன்னபடியே சொல்கிறேன். ஒரு சொல் கூடினாலும் அவள் என்னைச் சும்மா விடமாட்டாள்.

தறிச் சத்தத்தை மிஞ்சிப் பேசிப் பழகிய தொண்டை அவளுக்கு. "உப்பு இருக்குதா?" என்று கேட்டால் தெருக்கோடியிலிருந்து உப்பு வரும். புருஷன் தணிகாசலம் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிற ரகம். ஆனால் தென்னேரியிலிருந்து அண்ணன் பஞ்சாட்சரம் வந்துவிட்டால் மட்டும் ஜெயம்மாள் வாயில்லாப் பூச்சி. அவள் கத்துவதைப் பற்றித் தணிகாசலம் ஒருநாள் அவனிடம் முறையிட்டான்.

"என் தங்கச்சியா கத்துது? நிரூபி மாப்ளே. இல்லாட்டி தெருவே கேக்க அதுங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றான் அண்ணன்.

தணிகாசலம் பர்மா பஜாருக்குப் போய் டேப் ரெக்கார்டர் வாங்கி வந்து பரணில் ஒளித்தான். மைக்செட் கட்டும் முனிரத்தினம் வந்து பதிவாகிற சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழைக் காட்டினான்.

"கத்தற குரலுக்கு மூணுல வை. எட்டுல வச்சா மீட்டர் முள்ளு செவப்புக்குப் போயிடும், குரல் கிழிஞ்சிடும்பா. எட்டு, முணுமுணுக்கறவங்களுக்கு."

"இன்னாது? தறி ஓடிக்கினு இருக்குது, கேக்கல."

முனிரத்தினம் அதையே கத்திச் சொன்னான். அடுப்படிக்கும் கேட்டது.

மறுநாள் தணிகாசலம் மிஷினை ஓடவிட்டு, கஞ்சிப் பானையை வேண்டுமென்றே கவிழ்த்தான். ஜெயம்மாள் கத்தித் தீர்த்தாள். மூச்சு வாங்க அவள் நிறுத்தியபோதெல்லாம் இவன் வழக்கம்போல முணுமுணுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் இலை முன்னால் உட்கார்ந்தான். டேப் ஓடியது.

"கர்ர்... டர்ர்ர்..."

"இன்னா மாப்ளே, பட்டுச் சேலைய கிழிக்கறியா?"

அடுத்து, கோயில் மணி மாதிரி தணிகாசலத்தின் முணுமுணுப்பு: "தோ, அண்ணன் பெருமை பேச வந்துட்டா. அந்தச் சோத்துமூட்டைக்கு ஒரு படி அரிசி பத்தாது."

அண்ணன் இலையிலிருந்து கையை எடுத்தான்.

"குமிழை யாருடி திருப்பினது?" என்றான் தணிகாசலம்.

"பரண்ல ஒட்டடை அடிச்சேங்க. தொடப்பம் பட்டிருக்கும்" என்றாள், காதோடு பேசுகிற குரலில்.

வாசலில் நின்று தணிகாசலம் மன்னிப்புக் கேட்டான்.

"சத்தமா கேளு மாப்ளே. அடுத்த தெருவுக்கு விழல."

அண்ணன் ஊர் போய்ச் சேர்ந்தான். ஜெயம்மாளுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. புருஷன் மறுபடியும் மூணில் வைத்துவிட்டால்? தறிப் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியை இறுகக் காய்ச்சி, குமிழை எட்டிலேயே ஒட்டிவிட்டாள். மைக்கை அவன் தலைமாட்டில் கட்டித் தொங்கவிட்டாள். அவன் தூக்கத்தில் பேசுகிறவன்.