ஷெட்டில் எந்தக் கார் நிற்பது?

தொம்மலூர்,
17-10-2002

மகாகனம் பொருந்திய அத்திம்பேர் சேஷகிரி அவர்களுக்கு, மச்சினன் கோதண்டராமன் நமஸ்காரம் பண்ணி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

வீட்டில் ஷெட் ஒன்று, கார் இரண்டு. 1971-ல் நீங்கள் எனக்கு ஓட்டக் கொடுத்த பச்சை ஸ்போர்ட்ஸ் காரை விற்றுவிட்டு, அந்த இடத்தில் தன் புதுச் சிவப்புக் காரை நிறுத்த வேண்டும் என்கிறான் என் மகன் தருண். ஆர்.சி. புத்தகம் உங்கள் பெயரில் இருப்பதால், இரண்டையும் நடுநிலையாக ஒப்பிட்டு எழுது, பிறகு விற்கக் கையெழுத்துப் போடுகிறேன் என்றீர்கள். எழுதுகிறேன். எனக்கு எந்தப் பக்கமும் சாய்வு கிடையாது.

புதுக் கார் ஒன்பது செகண்டில் நூறு கிலோமீட்டர் வேகம் எடுக்குமாம். எடுக்கட்டும். ஏர்போர்ட் ரோடு சிக்னலில் அதுவும் அரைமணி நிற்கிறது, நம்முடையதும் அரைமணி நிற்கிறது. நம்ம வண்டிக்குக் கூரை கிழிசல், மழை வந்தால் குடை பிடிக்கணும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதுசில் ஏசி போட்டு உட்கார்ந்தால் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற மாதிரி இருக்கு.

ஆயுத பூஜையன்னிக்கு ஆத்துக்காரி வேதநாயகி வழக்கம்போல அரிவாள்மணை, ஸ்பானர், ரெண்டு கார் சாவி எல்லாத்தையும் மஞ்சள் தண்ணியில அலம்பி, சந்தனம் குங்குமம் வெச்சு சரஸ்வதி படத்துக்கு முன்னால அடுக்கினா. மறுநாள் மல்லேஸ்வரத்துல தருணுக்கு நிச்சயதார்த்தம், பத்தரைக்குள்ள தட்டு மாத்தணும். காலையில கிளம்பறப்போ சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சுட்டு அவன் சாவியை அமுக்கறான், அமுக்கறான், கதவே திறக்கல. சாவிக்குள்ள ஏதோ சிப்பாம், அது தண்ணி குடிச்சுடுத்தாம். பாவம், பிள்ளை முகம் வெளுத்துப்போச்சு. நம்ம வண்டி சாவி வெறும் இரும்பு, மூணாவது முறுக்குல கிளம்பிடுத்து. இருக்கறது ரெண்டே சீட்டு. தட்டை மடியில வெச்சுண்டு அம்மாவும் பிள்ளையும் போயிட்டா. நான் சிவாஜிநகர் போய் பஸ் மாறி, இலை எடுக்கற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அதுக்குள்ள கல்யாணப் பொண்ணு அனுஷா காரைச் சுத்திச் சுத்திப் பார்த்து, "கல்யாணத்துக்கும் இதுலதான் வரணும்"னு சொல்லிட்டாளாம்.

முப்பது வருஷம் கூட இருந்த வண்டி, அது போனா எனக்குத் தாங்காது. ஆனால் அதைத் தீர்ப்பில் சேர்க்க வேண்டாம். நடந்ததை மட்டும் வைத்து முடிவு செய்யுங்கள். அக்காவுக்கு என் நமஸ்காரம். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாடியே இருவரும் வந்து நடத்திக் கொடுக்கணும்.

தங்கள் கீழ்ப்படிந்த,
கோதண்டராமன்

பி.கு.: தருண் சாவியில தண்ணி படக்கூடாதுன்னு வேதநாயகி அதைத் தனியா வெத்தலை மேல வெச்சிருந்தா. எடுத்து மஞ்சள் தண்ணியில போட்டது நான்தான். மறுநாள் நிச்சயதார்த்தம்ங்கறது அப்போ ஞாபகம் வரல. அக்காகிட்ட சொல்ல வேண்டாம். கையெழுத்தும் போட வேண்டாம்.