பதினேழாம் பக்கத்துக் கமா

"இந்தக் கமா இங்க இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் டாக்டர்.

"அந்தக் கமாவை எடுத்தா நான் போட மாட்டேன்" என்றார் எதிரே இருந்தவர்.

இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த இயக்குநர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பதினேழாம் பக்கத்தைப் பார்த்தார். கமா இருந்தது. அது இருப்பதால் யார் குடி முழுகிப் போகிறது என்பதுதான் புரியவில்லை.

அவருடைய பதவியின் பெயர் விசிட்டிங் கார்டில் மூன்று வரி பிடிக்கும். அவர் கணவர் அதைச் சுருக்கிச் சொல்வார்: "பல நாட்டுக்காரங்களைக் கூப்பிட்டு உட்கார வச்சு, ஒரே பேப்பர்ல கையெழுத்து வாங்குற வேலை." உண்மையும் அதுதான். ஒரு நாட்டில் காசநோயைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் கிட் தயாராகும். இன்னொரு நாட்டிலிருக்கும் பரிசோதனைக்கூடம் அதைச் சோதித்துச் சரி என்று சொல்லும். பிறகு அது ஆறு நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். இத்தனை பேரும் ஒருவரோடொருவர் முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

கிட் கம்பெனியின் பிரதிநிதி ஆறடி இரண்டங்குலம். உடம்பில் சதை என்று சொல்ல எதுவுமில்லை. அலுவலகத்தில் அவரை ஒட்டடைக்குச்சி என்பார்கள், அவர் இல்லாதபோது. பரிசோதனைக்கூடத்தின் தலைமை டாக்டர் குள்ளமான பெண்மணி. வரவேற்பறையில் கிடக்கும் பத்திரிகையைக்கூடக் கையில் பேனா வைத்துக்கொண்டுதான் படிப்பார். அவருக்குக் கமா டாக்டர் என்று பெயர்.

இந்த ஒப்பந்தத்துக்காக இருவரும் மாதாமாதம் விமானம் ஏறி வருகிறார்கள். மாதாமாதம் சண்டை போட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். இந்தத் தடவை அப்படி விட முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்தாகாவிட்டால் திட்டத்தை வேறு அமைப்பிடம் கொடுத்துவிடுவதாக, பணம் கொடுக்கும் அறக்கட்டளையின் தலைவர் எழுதிவிட்டார். தற்காலிக உத்தரவில் போய்க்கொண்டிருக்கும் கிட்டுகள் மாதக் கடைசியோடு நின்றுவிடும். அப்புறம் ஆறு நாடுகளிலும், இருமிக்கொண்டு வந்து நிற்பவர்களிடம் "அப்புறமா வாங்க" என்று நர்சுகள் சொல்ல வேண்டியதுதான்.

அன்று புதன்கிழமை.

இயக்குநர் பேனாவை எடுத்தார். 'முப்பது டிகிரிக்குக் கீழே, ஈரமில்லாத இடத்தில் ஆறு மாதம் வைக்கலாம்' என்றிருந்ததை அடித்துவிட்டு, இரண்டு வாக்கியமாகப் பிரித்து எழுதினார்.

"இப்போ கமாவே இல்ல. முடிஞ்சுதா?"

இருவரும் ஒரே சமயத்தில் குனிந்து படித்தார்கள். ஒட்டடைக்குச்சி முதலில் நிமிர்ந்தார்.

"ரெண்டு வாக்கியம்னா ரெண்டு நிபந்தனை மேடம். சூட்டுக்கு ஒரு டெஸ்ட், ஈரத்துக்கு ஒரு டெஸ்ட். தனித்தனியா பண்ணணும்."

"பண்ணித்தான் ஆகணும்" என்றார் கமா டாக்டர். "அடுத்த மாசம் என் லேப்ல. இவரும் கூட இருக்கணும். இல்லேன்னா பின்னாடி ஏதாவது சொல்லுவார்."

இயக்குநருக்குத் தலை கிறுகிறுத்தது. ஒரு கமாவை எடுக்கப் போய் இரண்டு டெஸ்ட் வந்து உட்கார்ந்துவிட்டது.

அவருடைய உதவியாளர் கெட்டிக்காரி. அரைமணி நேரத்தில் அலமாரியைக் குடைந்து, தலைமுடியெல்லாம் தூசியாக ஒரு கோப்போடு வந்து நின்றாள். அதே கிட். சூட்டுக்கும் ஈரத்துக்கும் தனித்தனியாக, இரண்டு வருடத்துக்கு முன்பே டெஸ்ட் செய்திருக்கிறார்கள். இயக்குநர் அதை வெற்றிக் கோப்பை மாதிரி மேஜை நடுவில் வைத்தார்.

கமா டாக்டர் இரண்டு பக்கம் புரட்டினார். "இது இவங்க ஃபேக்டரியில இவங்களே எடுத்தது. நேர்ல போய்ப் பார்க்காம நான் நம்ப மாட்டேன். பத்து நாள் வேணும்."

"பத்து நாள்ல என்ன தெரியும்?" என்று சீறினார் ஒட்டடைக்குச்சி. "பதினஞ்சு நாளாவது இருந்து பார்க்கட்டும். அப்பவாவது புரியும்."

தன் தொழிற்சாலையைக் குடையப் போகிறேன் என்கிறவரை, இன்னும் ஐந்து நாள் கூட இருந்து குடையுங்கள் என்று சொல்லும் கம்பெனிக்காரரை இயக்குநர் தன் இருபது வருட வேலையில் பார்த்ததில்லை. வீறாப்பு முற்றினால் இப்படித்தான் போலும் என்று எண்ணிக்கொண்டார்.

"யாரும் எங்கயும் போக வேண்டாம்" என்றார். "அந்த ஊர்லயே அரசாங்க ஆய்வாளர் ஒருத்தர் இருக்கார். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஃபேக்டரியைப் பார்த்துட்டு ரிப்போர்ட் அனுப்பிடுவார்."

அத்தனை மாதத்தில் முதல்முறையாக, இருவரும் ஒரே கட்சியானார்கள்.

"மூணாவது மனுஷன் எதுக்கு மேடம் நடுவுல?" என்றார் ஒட்டடைக்குச்சி.

"அதானே? எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்றார் கமா டாக்டர்.

"நீங்கதானே டாக்டர் அவரை நம்பலைன்னு சொன்னீங்க?"

"நான் நம்ப மாட்டேன். அது வேற. வேற யாரும் வந்து அவரை நம்பாம இருக்கக் கூடாது."

இந்த வாக்கியத்தை இயக்குநர் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் வெவ்வேறு அர்த்தம் வந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் தங்கைக்குப் போன் போட்டார். தங்கை குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசகர். நாள் முழுக்கச் சண்டையைப் பார்ப்பவள்.

"அக்கா, நீ பண்ற தப்பே அவங்களை ஒரே ரூம்ல உட்கார வைக்கிறதுதான். மூஞ்சியைப் பார்த்தாத்தானே கோபம் வரும்? ஆளுக்கொரு ரூம் கொடு. நீ மட்டும் போய்ப் பேசிட்டு வா. மதியத்துக்குள்ள முடிஞ்சுடும்."

"நிச்சயமாவா சொல்றே?"

"என்கிட்ட வர்ற கேசெல்லாம் இப்படித்தான் முடியுது."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கணவர், "அவகிட்ட வர்ற கேசெல்லாம் எப்படி முடியுதுன்னு கேட்டுக்கிட்டியா?" என்றார். இயக்குநர் காதில் வாங்கவில்லை.

வியாழக்கிழமை காலை கமா டாக்டரை மேல்மாடி நூலகத்திலும் ஒட்டடைக்குச்சியைக் கீழ்த்தளத்துச் சிறிய அறையிலும் உட்கார வைத்தார்கள். லிஃப்ட் அன்று பார்த்து வேலை செய்யவில்லை. இயக்குநர் காகிதத்தோடு படியேறினார், படியிறங்கினார். கமா டாக்டர் ஐந்து கேள்வி எழுதிக் கொடுத்தார். ஒட்டடைக்குச்சி அதற்குப் பதினோரு பக்கத்தில் பதில் எழுதினார். அந்தப் பதினோரு பக்கத்தைக் கமா டாக்டர் முக்கால் மணி நேரம் படித்தார். நடுவில் ஒரு இடத்தில் அவருக்குச் சிரிப்புகூட வந்தது.

"என்ன டாக்டர், ஏதாவது ஒத்து வருதா?" என்று ஆவலாகக் கேட்டார் இயக்குநர்.

"எழுத்துப்பிழை" என்றார் டாக்டர், முகத்தை நேராக்கிக்கொண்டு. "இருபத்திரண்டு கேள்வி இருக்கு. கொண்டு போய்க் கொடுங்க."

நான்கு மணிக்கு இயக்குநரின் முழங்கால் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. ஒப்பந்தம் நாற்பத்திரண்டு பக்கம்; கேள்வி பதில் நூற்றுப் பதினெட்டுப் பக்கம் ஆகியிருந்தது. ஆய்வாளரின் ரிப்போர்ட்டும் வந்தது. தொழிற்சாலையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றது அது. அதைக் காட்டியபோது இருவருமே துக்கச் செய்தி கேட்டதுபோல முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அறக்கட்டளைத் தலைவர் திரையில் தோன்றினார். அதிகம் பேசாத மனிதர்.

"இவங்க நேர்ல சந்திக்கிறதுதான் பிரச்சினை. இனிமே எல்லாக் கூட்டமும் வீடியோவில. யாரும் பயணம் பண்ண வேண்டாம். அதை ஒப்பந்தத்துலயே ஒரு விதியா சேர்த்துடுங்க."

எவ்வளவு நல்ல யோசனை! இயக்குநருக்கு உயிர் வந்தது. மாதாமாதம் எதிரியின் முகத்தில் விழிக்க வேண்டாம், ஊர் விட்டு ஊர் அலைய வேண்டாம். யாருக்குத்தான் கசக்கும்? இருவரையும் மறுபடி ஒரே அறைக்கு வரவழைத்து, மலர்ந்த முகத்தோடு செய்தியைச் சொன்னார்.

ஒட்டடைக்குச்சியின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

கமா டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பியபடியே, "அப்படின்னா எங்க பரிசோதனைக்கூடம் இந்தத் திட்டத்துல இருந்து விலகிக்குது" என்றார்.

"எங்க கம்பெனியும்தான்" என்றார் ஒட்டடைக்குச்சி.

மணி பத்து இருபது. வேலை முடிந்தது, அதாவது, இயக்குநரின் வேலை போனது. எட்டு மாத உழைப்பு. ஆறு நாடு. அவர் எழுந்து நின்றார். இத்தனை வருடத்தில் எந்தக் கூட்டத்திலும் குரலை உயர்த்தாதவர், மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். தண்ணீர்க் குவளை குதித்தது.

"நேர்ல பார்த்தா சண்டை! பார்க்க வேண்டாம்னா அதுக்கும் சண்டை! உங்களை மாதிரி ஆளுங்களுக்கு இந்தக் கூட்டமெல்லாம் சரிப்பட்டு வராது. ரெண்டு பேரையும் ஒரே ஆபீஸ்ல, எதிர் எதிர் நாற்காலியில, ரெண்டு வருஷம் போட்டுப் பூட்டி வைக்கணும்! அப்பத்தான் புத்தி வரும்!"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. வெளிநாட்டு விருந்தாளிகள். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஒட்டடைக்குச்சி மெதுவாகக் கேட்டார். "எந்த ஊர்ல?"

"என்னது?"

"அந்த ஆபீஸ். எந்த ஊர்ல மேடம்?"

"இதை எழுத்துல தருவீங்களா?" என்றார் கமா டாக்டர், ஜன்னலிலிருந்து திரும்பி.

இயக்குநர் பதறினார். எழுத்தில் எதற்குக் கேட்கிறார்கள்? மேலிடத்துக்குப் புகார் எழுதத்தானே?

"நான் கோபத்துல ஏதோ... மன்னிச்சுக்கோங்க டாக்டர்."

"மன்னிப்பு எதுக்கு? நல்ல யோசனைதான். பக்கத்துல இருந்து கவனிச்சாத்தான் இவர் பண்ற தப்பெல்லாம் எனக்குத் தெரியும்."

"இவங்க சொல்ற குறையெல்லாம் அப்பப்ப எனக்கும் தெரியும்" என்றார் ஒட்டடைக்குச்சி. "ஆனா ரெண்டு வருஷம் பத்தாது. அஞ்சா போடுங்க."

"அஞ்சுக்குக் குறைஞ்சா நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார் கமா டாக்டர்.

இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை நம்ப முடியாமல், இயக்குநர் உதவியாளரைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே தட்டச்சு செய்ய ஆரம்பித்திருந்தாள். 'இரு தரப்புக்கும் பொதுவான ஒருங்கிணைப்பு அலுவலகம் இந்நகரில் அமைக்கப்படும். இரு பிரதிநிதிகளும் ஐந்தாண்டுகள் இங்கேயே தங்கிப் பணியாற்றுவார்கள்.' அவசரத்தில் அந்த ஒரே பக்கத்தில் மூன்று எழுத்துப்பிழை, நான்கு இடத்தில் தப்பான கமா. கமா டாக்டர் படித்தார். பேனாவைத் திறந்தார். இயக்குநர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் எதையும் திருத்தாமல் கையெழுத்துப் போட்டார்.

ஒட்டடைக்குச்சியும் போட்டார்; பதினேழாம் பக்கத்தை யாரும் புரட்டக்கூட இல்லை. பதினொன்று ஐந்துக்கு எல்லாம் முடிந்துவிட்டது. திரையில் அறக்கட்டளைத் தலைவர் கை தட்டினார். எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டார். இயக்குநர் அடக்கமாகச் சிரித்தார்; அவருக்கே தெரியாதபோது வேறென்ன செய்ய?

அறைக்குத் திரும்பியதும் தங்கையை அழைத்தார்.

"அஞ்சு வருஷமா? ஒரே ஆபீஸ்லயா?" தங்கை அலறினாள். "அக்கா, பெரிய தப்புப் பண்ணிட்டே. பக்கத்துல இருந்து பழி வாங்கத்தான் ஒத்துக்கிட்டிருக்காங்க. இந்த மாதிரி எத்தனை பார்த்திருக்கேன்! ஆபீஸ் நேரத்துல நீ பார்த்துக்குவே. சாயங்காலம் ஆனா? ரெண்டு பேருக்கும் வீட்டையாவது தூரமா பிடிச்சுக் கொடு. கடைத்தெருவுலகூட எதிரும் புதிருமா பார்த்துக்கக் கூடாது."

இது நியாயமாகப் பட்டது. இயக்குநர் உடனே ஊழியர் குடியிருப்பைக் கவனிக்கும் குமாஸ்தாவை வரச் சொன்னார். அவர் கக்கத்தில் கோப்போடு, மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை.

"வெளிநாட்டுப் பிரதிநிதிங்க ரெண்டு பேருக்கும் வீடு ஒதுக்கணும்" என்றார் இயக்குநர். "ஒண்ணு ஊருக்கு வடக்குக் கோடியில, இன்னொண்ணு தெற்குக் கோடியில. ஒரே பஸ் ரூட்டுல கூட வரக் கூடாது. புரிஞ்சுதா?"

குமாஸ்தா விழித்தார். கோப்பைத் திறந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்தார். அதன் பின்னால் குத்தியிருந்த காகிதத்தைப் புரட்டி ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டார்.

"அவங்க இப்பத்தான் வந்து எழுதிக் கொடுத்துட்டுப் போனாங்க மேடம், ஒரே வீடு போதுமாம்... கல்யாணமாகி ஒரு வருஷம் ஆச்சாம், சேர்ந்து குடும்பம் நடத்தத்தான் இன்னும் ஒரு ஊர் அமையலையாம்!"