மேலே வந்த நேரம்

“ஞாயிறு. முப்பது இறங்கிய நேரம்: காலை 7.40. மேலே வந்த நேரம்:”

என் நாள்குறிப்பில் இப்படி ஒரு வரி இருக்கிறது. எதிரே எதுவும் எழுதவில்லை. கோயமுத்தூர் பஸ் நாலு நிமிடம் தாமதமாக வந்தால்கூடக் குறித்துவைக்கிற என் நோட்டில், காலியாக விட்ட இடம் இது ஒன்றுதான்.

முப்பது என்பது ஓர் ஆளின் பட்டப்பெயர். எங்கள் வடகரப்பதிப் பக்கத்தில் அவரால் முறைக்கப்படாத மனிதர் கிடையாது. தொழில், கிணற்று மோட்டார் மெக்கானிக். மூச்சடக்கி மூழ்கி, ஈட்டியால் மீன் குத்துகிறவர்களின் விதிகளைப் போனில் வீடியோ பார்த்து மனப்பாடம் செய்திருந்தார். ஒருவர் கீழே போனால் ஒருவர் மேலே இருந்து பார்க்க வேண்டும். மூழ்கியவர் மேலே வந்த பிறகும் முப்பது நொடி அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. மேலே வந்து, மூச்சு வாங்கி, சிரித்த பிறகும் மயக்கம் வருமாம். முப்பது எண்ணி முடித்ததும் மூழ்கியவர் “நல்லாருக்கறனுங்க” என்று வாயால் சொல்ல வேண்டும்.

விதி தண்ணீரோடு நின்றிருந்தால் பட்டப்பெயர் வந்திருக்காது. எதற்குள்ளிருந்து யார் வெளியே வந்தாலும் அவருக்கு மேலே வந்த மாதிரிதான். வில்லேஜ் ஆபீஸிலிருந்து வந்த ஒருவரை முப்பது நொடி முறைத்துவிட்டு, நல்லா இருக்கிறீர்களா என்று கேட்டார். ஒரு சர்ட்டிபிகேட்டுக்காக ஏழாவது தடவை வந்தவர் அவர். படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். பல் டாக்டர் வீட்டு வாசலில், வாயில் பஞ்சோடு வந்தவரால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. “சொன்னாத்தானுங்க ஆச்சு” என்று முப்பது அவரைப் பஞ்சு எடுக்கும்வரை விடவில்லை. கல்யாண மேடையில் தாலி கட்டி நிமிர்ந்த மாப்பிள்ளையையும் எண்ணத் தொடங்கி, வாழ்த்த வரிசையில் நின்றவர்களிடம் சொன்னார்: “இப்பத்தானுங்க மேல வந்திருக்காரு. அவசரப்படாதீங்க.”

ஊருக்கு வெளியே, பாறை உடைத்துவிட்டுப் போன குழி ஒன்று தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. அதில் மீன் வளர்ப்பவர், குஞ்சுகளைத் தின்னும் விரால்களைக் குத்தி எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். சைக்கிள் கடை சுந்தரம், முப்பது, நான், மூவரும் ஞாயிறுதோறும் போவோம். ஒரு ஞாயிறு சுந்தரம் கை நீள விரால் ஒன்றை ஈட்டியில் கோத்தபடி மேலே வந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். நான் மீனைப் பார்த்தேன். எடை எழுத வேண்டுமே.

முப்பது மட்டும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பதினொன்று எண்ணும்போது சுந்தரத்தின் சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் எங்கோ போனது. முகம் தண்ணீரில் படுவதற்குள் அவன் தாடையைத் தாங்கிப் பிடித்துவிட்டார். கன்னத்தில் தட்டினார், முகத்தில் ஊதினார். “சுந்தரம், மூச்ச இழு. இழுறா.”

சுந்தரம் பெரிதாக மூச்சிழுத்துக் கண் விழித்து, “மீன் எங்கண்ணா?” என்றான். மீன் போய்விட்டது. முப்பது மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

கரையேறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் மூழ்கி நான் பார்த்ததே இல்லை. மேலே இருந்து அவரைப் பார்த்துக்கொள்கிற கூட்டாளி சாந்தன்பாறைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போனதிலிருந்து நாலு வருடமாக அவர் தலையைத் தண்ணீருக்குள் விடவில்லை. கிணற்றில் மூழ்கினால் அரை மணியில் முடிகிற வேலைக்குக்கூடக் குழாய் முழுவதையும் மேலே இழுத்துப் பாதி நாள் மல்லாடினார். ஆனால் குழித் தண்ணீரைக் குனிந்து பார்க்கிறபோது, பந்திக்குக் கூப்பிடாத விருந்தாளி முகம் அவருக்கு வந்துவிடும்.

“ஏனுங்க, நீங்க எறங்கறதில்லீங்களா?”

“பாக்கறதுக்கு ஆளில்லீங்க சார்.”

“நான் இருக்கனே.”

“நீங்க மீனப் பாத்தீங்க.”

ஆனாலும் என்னைப் பழக்க ஒப்புக்கொண்டார். நான் இறங்கித் தூக்கக்கூடிய ஆழத்துக்குமேல் அவர் போக மாட்டார் என்பதால் பல வாரம் என்னைத்தான் இறக்கினார். முதல் ஒத்திகையில், இடுப்பளவுத் தண்ணீரில் அவர் முங்கி எழுந்ததும் முப்பது நொடியைத் துல்லியமாகக் கணக்கிட நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். “கடியாரத்துக்கு மயக்கம் வராதுங்க” என்று சொல்லிவிட்டுக் கரையேறினார்.

அப்புறம் வீட்டில் பழகினேன். சமையலறையிலிருந்து வந்த என் மனைவியை முப்பது நொடி உற்றுப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளைச் சேர்ந்தாற்போல் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்றாள். மறுக்க என்னிடம் குறிப்பில்லை.

அந்த ஞாயிறு சுந்தரத்துக்கு வீட்டில் தடை. நாங்கள் இருவர்தான். 7.40 என்று எழுதிவிட்டு நோட்டையும் கடிகாரத்தையும் கரைப் பாறையில் வைத்தேன். முப்பது இறங்கினார். அவர் தலைக்குமேல் தண்ணீர் மூடிக்கொண்டது. சொல்லிக்கொடுத்தபடி, அவர் ஏறி வரும்போது நானும் கொஞ்சம் இறங்கி, முகத்துக்கு முகம் பார்த்தபடி கூடவே மேலே வந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. பதினெட்டில் அவருக்குச் சிரிப்பு வந்தது. நான் நம்பவில்லை. எண்ணிக்கொண்டே இருந்தேன். முப்பதில் சொன்னார்:

“நல்லாருக்கறனுங்க.”

அதன் பிறகுதான் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுத்தேன். நோட்டும் கடிகாரமும் கரைப் பாறையிலேயே இருந்தன.

ஒன்றரை நிமிடம் உள்ளே இருந்ததாக அவர் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லி வருகிறார். அது இதுவரை உறுதிசெய்யப்படவில்லை. அந்த நேரத்தைக் குறித்திருக்க வேண்டிய ஆள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.