விக்கலுக்கு ஒரு மூச்சு

"வாயை மூடுங்க சார்," என்றாள் மகள்.

பெற்ற அப்பனைப் பார்த்து, அதுவும் ஒன்பது பேர் எதிரில். வேறொரு நாளாக இருந்தால் ரொட்டி மாஸ்டர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பார். இன்று சமர்த்தாக வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சை இழுத்தார். வரவில்லை.

மகளுக்கு இன்று யோகா டீச்சர் தேர்வு. நாற்பது டிகிரிக்குச் சூடேற்றிய அறையில் பத்துப் பேரை உட்கார வைத்து மூச்சுப் பயிற்சி நடத்திக் காட்ட வேண்டும். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இதுவும் போனால் மறுபடி மனுப் போட முடியாது. அப்படிப்பட்ட நாளில் பத்தாவது ஆளுக்குக் காய்ச்சல் என்று காலையிலேயே போன் வந்துவிட்டது.

"நான் வர்றேன் கண்ணு," என்று மாஸ்டர்தான் முன்வந்தார்.

"சொந்தக்காரங்க உட்காரக் கூடாதுப்பா. விதி இருக்கு."

"நான் என்ன நெத்தியிலயா எழுதி ஒட்டிக்கிட்டு வரப்போறேன்?"

"அந்தச் சூடு உங்களுக்குத் தாங்காதுப்பா."

"எனக்கா? முப்பது வருஷமா பேக்கரி அடுப்புல கையை விட்டு ரொட்டி எடுக்கறவன்மா நான். நாப்பது டிகிரியெல்லாம் எங்க மாவு உப்பறதுக்கு வைக்கிற சூடு!"

சூடு விஷயத்தில் அவர் சொன்னது சத்தியம். மற்றவர்கள் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருக்க, அவர் மட்டும் மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளைபோல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். காலை வாரியது மூக்கு. முப்பது வருட மைதா அதன் ஒரு பக்கத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தது.

"வலது பக்கத்தை மூடிக்கிட்டு, இடது பக்கமா மெதுவா இழுங்க," என்றாள் மகள்.

மாஸ்டரிடம் வேலை செய்துகொண்டிருந்ததே அந்த வலது பக்கம்தான். டீச்சர் சொல்லைத் தட்டக்கூடாதே என்று அதையும் மூடினார். முகம் சிவந்தது, காது சிவந்தது, கண் பிதுங்கியது. கடைசியில் பிரஷர் குக்கர்போல் ஒரு சத்தம் கிளம்பியது.

மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தேர்வாளர் அம்மாள், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். தாளில் ஏதோ குறித்தார்.

'போச்சு, மார்க்கைக் குறைச்சிட்டா,' என்று மாஸ்டர் தன் மூக்கையே திட்டிக்கொண்டார்.

"உங்களுக்கு எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கமே போதும் சார். அவசரமே இல்ல," என்றாள் மகள்.

அவருக்குத்தான் அவசரம். மூக்கைத் திறந்தே தீருவது என்று முடிவு கட்டி, துண்டுக்குள் மறைத்து வைத்திருந்த தைலத்தை எடுத்து இரண்டு துவாரத்திலும் தாராளமாக அப்பினார். அந்தச் சூட்டில் தைலம் அரை நிமிடத்தில் அறை முழுக்கப் பரவியது. பக்கத்துப் பாயிலிருந்த தபால்காரர் தும்மினார். அவருக்குப் பின்னாலிருந்த தையல்கார அம்மா தும்மினார். தும்மல் வரிசையாகச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

தேர்வாளர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு வரி எழுதினார்.

"நல்லது, எல்லாருக்கும் மூக்கு திறந்துடுச்சு. இப்ப ஆழமா இழுத்துப் பாருங்க," என்றாள் மகள். குரலில் துளி நடுக்கமில்லை.

'அடேயப்பா!' என்று மாஸ்டர் வாயைப் பிளந்தார். வீட்டில் டிவி ரிமோட் கிடைக்காவிட்டால் தாண்டவம் ஆடுகிற பெண்ணா இது?

இனி தன்னால் ஒரு சின்னத் தொந்தரவும் வரக்கூடாது என்று நினைத்தார். எரிகிற தொண்டையை அடக்க ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"மூச்சை உள்ளேயே நிறுத்துங்க. ஒண்ணு... ரெண்டு..."

"இக்!"

பத்துப் பேரின் மூச்சும் கலைந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடி "இக்!" வந்தது. அடக்கப் பார்த்தார், அடக்க அடக்கச் சத்தம் கூடியது. தேர்வாளர் அம்மாள் தாளைத் திருப்பி, பின்பக்கத்திலும் எழுதத் தொடங்கினார்.

மாஸ்டருக்குக் கண் கலங்கியது. தைலத்தால் அல்ல. ஒரு பத்தாவது ஆளாக வந்து மகளின் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டுவிட்டோமே என்று நொந்துகொண்டார். பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"நான் வெளிய போயிடறேன் டீச்சர். என்னால உங்களுக்கு... இக்!"

மகள் வந்து அவர் முதுகில் கை வைத்தாள்.

"உட்காருங்க சார். நீங்க இல்லாம இந்த வகுப்பு கிடையாது." பிறகு மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "இனிமே நான் எண்ண மாட்டேன். சாருக்கு ஒரு விக்கல் வந்தா இழுங்க, அடுத்த விக்கல் வந்தா விடுங்க."

"இக்!" என்றார் மாஸ்டர். ஒன்பது பேரும் இழுத்தார்கள். "இக்!" ஒன்பது பேரும் விட்டார்கள். சிரிப்பு நின்றது. கடிகாரம் வைத்ததுபோல் அறை முழுக்க ஒரே மூச்சாகப் போய் வந்தது. சிறிது நேரத்தில் விக்கலே அலுத்துப்போய் நின்றுவிட்டது. அப்போது மாஸ்டரின் மார்பு நிமிர்ந்த நிமிர்வை எந்த ஆசனத்திலும் சேர்க்க முடியாது. என் பெண்ணாக்கும் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. விதியை நினைத்து வாயை இறுக மூடிக்கொண்டார்.

மணி அடித்தது. தேர்வாளர் அம்மாள் எழுந்து வந்தார்.

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு. இவ்வளவு பொறுமையான டீச்சரை நான் பார்த்ததே இல்லம்மா," என்று மகளின் கையைக் குலுக்கினார். மகள் அழுதேவிட்டாள். பிறகு அந்த அம்மாள் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "சார், உங்க வேலையும் அபாரம். அதுலயும் அந்த விக்கல் இருக்கே, பிரமாதம்!"

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாம் அனுபவம்தான் மேடம்," என்று அடக்கமாகச் சொல்லி வைத்தார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு, கக்கத்தில் பாயுடன் ஒரு நெட்டை மனிதர் மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தார்.

"மன்னிச்சிடுங்க மேடம், வழியில பஸ் நின்னுடுச்சு. வேணும்னே தப்புத் தப்பா மூச்சு விட்டு டீச்சரோட பொறுமையைச் சோதிக்கறதுக்கு நம்ம ஆபீஸ்ல அனுப்பின ஆள் நான்தான். ஆரம்பிக்கட்டுமா?"