பனி ஒட்டாத குழாய்

வேலை தெரியாமல் வேலையை இழந்தவர்கள் ஊரில் ஆயிரம் பேர். நான் சொன்ன சொல்லைச் செய்துகாட்டி வேலையை இழந்தவன். (இதைச் சொல்லும்போதெல்லாம் என் மனைவி ருக்கு அடுப்படியிலிருந்து செருமுவாள். செருமட்டும்.)

ஐம்பதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் ஒரு குளிர்கிடங்கில் என் தாய்மாமன் போர்மேன். அவர்தான் என்னைச் சேர்த்துவிட்டார். ஆறு மாதம் ஒழுங்காக இருந்தால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் அவர் மகள் ருக்கு எனக்கு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நானோ மரத்தையே சாய்க்கப் பார்த்தேன்.

கூரையடியில் ஓடும் குளிர்க் குழாய்களில் படியும் பனியைத் தினமும் காலையில் சுரண்டுவது என் வேலை. பனி தடித்துவிட்டால் குளிர் அறைக்குள் இறங்காது. கீழே அடுக்கியிருக்கும் ஆப்பிள் பெட்டிகள் கெட்டுப்போகும். சுரண்டிச் சுரண்டி விரல் மரத்து, மதியம் சாம்பார் சாதம் பிசையும்போது எது விரல், எது வெண்டைக்காய் என்றே தெரியாது.

குப்பத்தில் பிறந்தவன் நான். படகுக்கு மீன் எண்ணெய் பூசினால் மரத்தில் தண்ணீர் ஒட்டாது என்பது எங்கள் வீட்டுக் கைக்குழந்தைக்கும் தெரியும். பனி என்பது என்ன? உறைந்த தண்ணீர். தண்ணீரே ஒட்டாத இடத்தில் பனி எப்படி ஒட்டும்? படித்த இன்ஜினியர்களுக்கு இது தோன்றவில்லையே என்று அவர்களுக்காக வருத்தப்பட்டேன். மெஷினை நிறுத்திப் பழுது பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, டின் நிறைய மீன் எண்ணெய் கொண்டுபோய்க் குழாய்களைக் குளிப்பாட்டினேன்.

"இன்னாடா நாத்தம்?" என்றார் மாமா.

"பனிக்கு மருந்து மாமா. இனிமே சுரண்டவே வாணாம். பனி ஒட்டாது."

"புதன்கெயம மொதலாளி வர்றாரு. எதுனா பேஜாராச்சு, உனக்கு வேலையும் இல்ல, பொண்ணும் இல்ல."

"வரட்டும். வந்து பாக்கட்டும்."

திங்களன்று குழாயில் நீர்த்துளிகள் முத்து முத்தாக நின்றன. பனி இல்லை! சுரண்டியைப் பரண்மேல் எறிந்தேன். செவ்வாயன்று அந்த முத்துகள் கல்லாகியிருந்தன. மேலே மெல்லிய வெள்ளை. பார்த்தும் பாராததுபோல் வந்துவிட்டேன். புதனன்று கதவைத் திறந்தால், மெத்தை மாதிரி பனி. (காற்றின் ஈரத்துக்கு உறைந்த துளி ஒன்று கிடைத்தால் போதும், அதன்மேல் பனி வளர்ந்துவிடும் என்று பிற்பாடு ஒருவர் விளக்கினார். பிற்பாடு!) சுரண்டியை எடுப்பதற்குள் முதலாளி உள்ளே வந்துவிட்டார்.

முதலாளி தெக்கத்திக்காரர். பளபளக்கும் வழுக்கை.

"என்னலே, பனியே ஒட்டாதுன்னு சொன்னியாமே? இது என்ன, பஞ்சு மெத்தையா?"

வேறு யாராக இருந்தாலும் காலில் விழுந்திருப்பார்கள். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "பனி கீது மொதலாளி. ஆனா ஒட்டிக்கினு இல்ல. பாக்கறீங்களா?"

முதலாளிக்குப் பின்னால் நின்ற மாமா, வேண்டாம் என்று கண்ணாலேயே கும்பிட்டார். நான் குழாயை லேசாக ஒரு தட்டு தட்டினேன்.

ஒட்டவில்லைதான். நாலு முழ நீளத்துக்கு மொத்தப் பனியும் எண்ணெயில் வழுக்கி, அப்படியே கழன்று முதலாளியின் வழுக்கையில் இறங்கியது. அங்கேயும் ஒட்டவில்லை. மீன் எண்ணெய் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அவர் ஆப்பிள் பெட்டிமேல் உட்கார்ந்து தலையைத் தடவினார். விரலை முகர்ந்தார். பிறகு ஒரு ஆப்பிளை எடுத்து முகர்ந்தார். அதிலும் அதே வாசனை.

"சொன்னதச் செஞ்சுட்டலே," என்றார். "இனி நீயும் இங்கன ஒட்ட வேண்டாம்."

சாயங்காலம் மாமா வீட்டில், "இவனுக்குக் குடுக்கறதுக்கு என் பொண்ண ஆயுசுக்கும் வூட்டுலயே வச்சிக்குவேன்!" என்று கத்தினார். வேலை போனது எனக்கு வலிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் ருக்கு நின்றது தெரிந்ததும்தான் வலித்தது. அவளோ விறுவிறுவென்று வெளியே வந்தாள்.

"ஒட்டாதுன்னாரு. ஒட்டல. பொய்யா சொன்னாரு நைனா?"

மாமா தலையில் அடித்துக்கொண்டு, "மொதல்ல அவன வேற வேல தேடச் சொல்லு" என்றார். திருவொற்றியூரில் எனக்கு வேறு வேலை கிடைக்க எட்டு மாதம் ஆனது. அடுத்து வந்த தையில் கல்யாணம்.

இன்றும் சண்டை வந்தால், "உனக்கும் எனக்கும் ஒட்டாது!" என்று துண்டை உதறிக்கொண்டு கிளம்புவேன். ருக்கு என்ன சொல்வாள் என்று பேரப்பிள்ளைகளுக்கே மனப்பாடம். அவளோடு சேர்ந்து கத்துவார்கள்.

"மூணாம் நாளு தானா ஒட்டும். நீ மட்டும் கைய வச்சிக்கினு சும்மா இரு, தட்டாத!"