தாயைக் காட்டச் சொன்ன நாகண்ணை

இலண்டனில் எத்தனை ஆயிரம் தமிழர் இருந்தாலும் சரி, ஒரு மாட்டைப் பின்னாலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டு அதன் பேரப்பிள்ளைகளின் குணத்தைச் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவர் தென் இலண்டனில் மிச்சம் என்ற இடத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். சொன்னதெல்லாம் சரியாக இருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள், அது வேறு கதை. ஆனால் என் மகள் பிறந்த புதிதில், நான் தாயாக இருக்கவே லாயக்கில்லாதவள் என்று வீடு கூடித் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தபோது, எனக்காக வாயைத் திறந்த ஒரே ஆள் அவர். அந்த நன்றியைச் சொல்லாமல் இருந்தால் எனக்கு நித்திரை வராது.

எல்லோருக்கும் அவர் நாகண்ணை. நாகராசா, நாகலிங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கன்று போடாத இளம் பசுவை யாழ்ப்பாணத்தில் நாகு என்போம். மனிதர் வாயைத் திறந்தால் நாகுதான் வரும், ஆகவே நாகண்ணை. உண்மையான பெயர் என் கணவர் சுதனுக்குத் தெரியும். எனக்கு அது ஒருநாளும் தேவைப்படவில்லை.

இளவயதில் சுவிஸுக்குப் போனவர். மற்றவர்கள் உணவகங்களில் கோப்பை கழுவ, இவர் ஒரு மலையடிவாரப் பண்ணையில் இறைச்சி மாடு வளர்க்கப் பழகினார். பிறகு இலண்டனுக்கு வந்து, நகருக்கு வெளியே சரே பக்கம் ஹென்றி என்ற கிழவரின் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பிறக்கும் பெண் கன்றுகளில் எதை விற்பது, எதைத் தாய்ப்பசுவாக வைத்திருப்பது என்று தெரிவு செய்வதுதான் அவருடைய விசேட வேலை. இப்போது வேல்ஸ் பக்கம் ஒரு பெரிய பண்ணைக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டு நடையில் இருந்த அவருடைய பூட்ஸ் மணம் போக மட்டும் ஒரு வருடம் எடுத்தது.

நாகண்ணைக்கு எதைப் பார்த்தாலும் ஒரே கண். சோபா வாங்கப் போனால் உட்கார்ந்து பார்க்கமாட்டார், குனிந்து கால்களைப் பார்ப்பார். "கால் சரியில்லாட்டி மேல என்ன வடிவிருந்தும் பிரயோசனமில்லை, தங்கச்சி" என்பார். டிராம் நிறுத்தத்தில் ஒரு பால் விளம்பரம் ஒட்டியிருந்தது. அதிலிருந்த பசுவுக்கு முதுகு வளைந்திருக்கிறது என்று, டிராமைத் தவறவிட்டு, முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பாட்டிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அந்த மனுசியும் தலையாட்டிக்கொண்டு நின்றது. சந்தியிலுள்ள தமிழ்க் கடையில் மாம்பழம் வாங்கும்போது, "இது காய்ச்ச மரம் எப்பிடி? வருசா வருசம் காய்க்கிறதோ?" என்று கேட்டார். கடைக்காரர், "அண்ணை, நான் பெட்டியைத்தான் கண்டனான், மரத்தை எங்க காணுறது?" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ரெய்னர்ஸ் லேனில் ஒரு சம்பந்தப் பேச்சுக்கு இவரையும் கூட்டிக்கொண்டு போனது சுதன் செய்த பிழை. பெண்ணின் படத்தை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு வந்த தரகர் அம்மா, மரியாதைக்கு இவரிடமும் நீட்டினார். நாகண்ணை படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்குப் பொம்பிளையளைப் பற்றி ஒண்டும் தெரியாது, அக்கா. நாகெண்டால் கேளுங்கோ, சொல்லுறன்."

"சும்மா ஒரு அபிப்பிராயம் சொல்லுமன்."

"படத்தில என்ன தெரியும்? நடக்கவிட்டெல்லோ பாக்கோணும்!"

தரகர் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன கோதாரிக் கதை கதைக்கிறீர்? பொம்பிளையை நடக்கவிட்டுப் பாக்கிற காலமே இது?"

"அப்ப மாப்பிளையை நடக்கவிடுங்கோ" என்றார் நாகண்ணை. மாப்பிள்ளை அப்பாவிப் பையன். எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற வெட்கத்தில் எழுந்து, யன்னல்வரை போய்த் திரும்பி வந்தார். "தம்பி வலக்காலை இழுக்கிறார்" என்றார் இவர். பெண் வீட்டார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பையன் புதுச் சப்பாத்து கடிக்கிறது என்று சத்தியம் செய்து, சப்பாத்தைக் கழற்றி மறுபடி நடந்து காட்டவேண்டியதாயிற்று. கலியாணம் நடந்தது. எங்களுக்கு மட்டும் அழைப்பு வரவில்லை.

எனக்குக் கலியாணமான அடுத்த வருடம், தன் தெரிவைப் பார்க்க வரும்படி எங்களைப் பண்ணைக்குக் கூப்பிட்டார். ஒரு அடைப்புக்குள் இளம் நாகுகள் நின்றன. ஹென்றியின் மகனுக்கு அதிலே ஒரு கறுத்த நெட்டை நாகின் மேல் ஆசை. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான். மினுமினு என்று நின்றது.

நாகண்ணை வேலிக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நின்றார். அவர் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததை நான் முன்பும் காணவில்லை, பின்பும் காணவில்லை.

"ஏன் அண்ணை, உள்ளுக்குப் போய்ப் பாக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"கிட்டப் போனால் மயிர்தான் தெரியும், தங்கச்சி. தள்ளி நிண்டால்தான் மாடு தெரியும். உந்த நெட்டையைப் பாரும். முழுக்கக் கால். வயிறு எங்க? உது திண்டு திண்டு தன்ர உயரத்தைத்தான் காப்பாத்தும், கண்டுக்கு ஒண்டும் மிஞ்சாது. அந்த மூலையில நிக்கிற கட்டையைப் பாரும். விலா எவ்வளவு ஆழம்! இடுப்பெலும்பு ரெண்டுக்கும் நடுவில எவ்வளவு அகலம்! குளம்பு நேர். கண்டு சுகமா வெளியில வரும்."

பிறகு ஹென்றியைப் பார்த்துத் தன் ஆங்கிலத்தில் "ஷோ மதர்!" என்று சத்தம் போட்டார். அந்தக் கட்டை நாகின் தாயைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒரு காது கிழிந்த, அழகென்ற பேச்சுக்கே இடமில்லாத கிழட்டுப் பசு. நாகண்ணை தொப்பியைக் கழற்றினார். சும்மா சொல்லவில்லை, மெய்யாகவே கழற்றினார்.

"வருசம் தவறாமல் கண்டு. ஒருநாளும் ஆளின்ர உதவி கேட்டதில்லை. கண்டெல்லாம் கொழுகொழு எண்டு வளர்ந்தது. குணம் தங்கம். மடியைப் பாரும், இந்த வயசிலயும் தொங்கேல்லை!"

சுதன் இருமினார். நான் வானத்தைப் பார்த்தேன். கட்டை நாகுதான் வெற்றி பெற்றது. "என்ர தெரிவு பிழைச்சால் மீசையை எடுக்கிறன்" என்று ஹென்றியின் மகனுக்குச் சவால் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

விதியைப் பாருங்கள், நானும் அந்த நாகும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கர்ப்பமானோம். ஒவ்வொரு பின்னேரமும் மனிதர் வேலையால் வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே செய்தி வாசிப்பார். "அவவுக்கு இண்டைக்கும் நல்ல பசி." எனக்கு அன்று முழுக்கச் சத்தி, வாளியும் கையுமாக இருந்தேன். "அவவுக்குக் கால் ஒரு சொட்டும் வீங்கேல்லை." என் கால்கள் சப்பாத்துக்குள் போகாமல் நடையில் நிற்பேன். "அந்த மாட்டுக் கதையை விடுங்கோ அண்ணை!" என்று கத்தினால், "கோவிக்காதையும் தங்கச்சி, குணமும் முக்கியம்" என்பார். கையில் கரண்டி இருந்ததால் எறிந்தேன். படவில்லை.

மகள் பிறக்க, கிங்ஸ்பரியிலிருந்து சுதனின் அம்மா, என் மாமி, வந்து இறங்கினார். என் அம்மாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வர விசா கிடைக்கவில்லை. மாமி மீன் சாப்பிடுவார், ஆனால் மாடென்றால் கையெடுத்துக் கும்பிடுவார். மாடி அறையில் இறைச்சி மாட்டு மனிதர் இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

"மாட்டைத் தின்னக் குடுக்கிற மனிசன் இருக்கிற வீடே இது?"

"அக்கா, விக்கிறது ஹென்றி. ஆரை வச்சிருக்கிறதெண்டு பாக்கிறவன்தான் நான்" என்று படியில் நின்றே பதில் சொன்னார் நாகண்ணை.

பிள்ளை சரியாகப் பால் குடிக்கவில்லை. வாயை வைக்கும், கத்தும், முகத்தைத் திருப்பும். நிறை குறைந்துகொண்டு வந்தது. மிட்வைஃப் வந்து எப்படிப் பிடிப்பது என்று காட்டித் தந்து, அடுத்த முறையும் நிறை ஏறாவிட்டால் போத்தல்பாலும் சேர்க்கலாம், பயப்படவேண்டாம் என்றார். போத்தலில் பிழை ஒன்றுமில்லை என்று இன்று எனக்குத் தெரியும். அன்று அது எனக்குப் பரீட்சையில் பெயில் விட்டதுபோல இருந்தது. மாமி தினமும் சுறா வறையும் பிள்ளைப்பெற்றவளுக்கென்ற சரக்குக் கறியும் சமைத்து, "பால் வரும், சாப்பிடு, சாப்பிடு" என்று ஊட்டினார். புளிப்பு ஆகாது, குளிர் ஆகாது, யன்னல் திறக்க ஆகாது.

அந்தச் சனிக்கிழமைப் பின்னேரம் மாமியின் தோழிகள் இரண்டு பேர் பிள்ளை பார்க்க வந்தார்கள். பிள்ளையையா பார்த்தார்கள்? என்னைத்தான் பார்த்தார்கள்.

"உடம்பில ஒரு துண்டு சதை இல்லை. பால் எங்கால வரும்?"

"இடுப்பைப் பாருங்கோவன், அப்பவே எனக்குத் தெரியும்."

"தாய்க்கும் பால் இல்லையாம், என்ன?"

என் அம்மா நாலு பிள்ளைகளைப் பால் கொடுத்து வளர்த்தவர். அதைச் சொல்லப்போனால் அழுகைதான் வந்தது. மாமி பிள்ளையின் தலையை அமத்த, ஒருத்தி என் தோளைத் தூக்க, மற்றவர் கைத்தொலைபேசியில் கனடாவிலுள்ள அக்காவிடம் ஆலோசனை கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை வீரிட்டது. வேலைக்குப் போன சுதன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பிள்ளைக்கு நான் உதவமாட்டேன், வேறு யாராவது நல்ல தாயிடம் கொடுத்துவிடுங்கள் என்று மனதுக்குள் கடவுளிடம் சொன்னேன்.

அப்போது வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"எல்லாரும் வெளிய வாங்கோ!"

நாகண்ணை அறைக்குள்ளே பார்க்காமல், எங்களுக்கு முதுகைக் காட்டி, நடைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று கத்தினார்.

"உமக்கு விசரே? பிள்ளைப்பெத்தவளின்ர அறை வாசல்ல ஆம்பிளைக்கு என்ன வேலை?" என்றார் மாமி.

"நான் சுவரைத்தான் பாக்கிறன், அக்கா. நான் ஏன் மீசை எடுத்தனான் எண்டு தெரியுமே?"

ஒரு கிழமைக்கு முன் மீசை இல்லாமல் வந்து நின்றவர், காரணம் சொல்ல மறுத்துவிட்டார்; பண்ணையில் விட்ட சவாலை நாங்கள் மறந்தே போயிருந்தோம். ஊரில் யாரோ செத்துவிட்டார்கள் என்றார் சுதன். வயது போன காலத்தில் எவளையோ பிடித்துவிட்டார் என்றார் மாமி. எல்லோருக்கும் அறிய ஆசை.

"என்ர தெரிவு, அந்தக் கட்டை நாகு, முதல் கண்டை உதைச்சுப்போட்டுது" என்றார் சுவரிடம். "கிட்ட விடுதில்லை. ஹென்றி தலையைப் பிடிச்சார், மகன் காலைப் பிடிச்சான், நான் கண்டை மடியில அமத்தினன். மூண்டு பேரும் சுத்திநிண்டு அமளி. பயந்த சீவன் உதைக்காமல் என்ன செய்யும்? பேந்து அவையளையும் கலைச்சு, நானும் வெளியில வந்து படலையைச் சாத்தினன். தானா நக்கிச்சுது, தானா குடுத்துது. அதில ஒரு பழுதும் இல்லை, அக்கா. பழுது சுத்தி நிண்ட எங்களிலதான். அதுக்குத்தான் மீசை எடுத்தனான். இப்ப வாங்கோ வெளிய."

என்னை மாடு என்று சொன்னதற்கு நான் கோபப்பட்டிருக்கவேண்டும். எனக்கோ எழும்பி அந்த அழுக்குப் பூட்ஸைத் தொட்டுக் கும்பிடவேண்டும்போல இருந்தது. பார்க்கப்போனால், அந்த வீட்டில் என்னை மாடு பார்க்கிற மாதிரிப் பார்க்காத ஆள், மாடு பார்க்கிற அந்த ஒருவர்தான்.

தோழிகள் முணுமுணுத்துக்கொண்டு வெளியே போனார்கள். மாமிதான் கடைசி. வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தார், பிறகு கதவைச் சாத்தினார். நாகண்ணை படியில் குந்திக் காவலிருந்தார். மாமி மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டேன் என்று திரும்பி வந்தபோதும் விடவில்லை. "கண்ணாடி இல்லாமல் கொஞ்ச நேரம் இருங்கோ அக்கா, ஒண்டும் குறையாது."

நான் யன்னலைத் திறந்தேன். பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு சும்மா சாய்ந்திருந்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மிட்வைஃப் காட்டித் தந்தது அப்போதுதான் கைக்கு வந்ததோ, அல்லது பிள்ளைக்குத்தான் கத்தி அலுத்துப்போனதோ, எனக்குத் தெரியாது. சிறிது நேரத்தில் மகள் வாயை வைத்தாள், இந்த முறை விடவில்லை. அவள் விழுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவள் குடிக்கக் குடிக்க நான் அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவில் மெதுவாகத் தட்டும் சத்தம் கேட்டது.

"தங்கச்சி, உமக்கு என்ன வேணும்?"

பிள்ளை பிறந்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சிப்ஸ், அண்ணை. நிறைய வினிகர் விட்டு."

பூட்ஸ் தடதடவென்று படியிறங்கிப் போயிற்று. திரும்பி வந்தவர் பொட்டலத்தைக் கோட்டுக்குள் ஒளித்து, மாமிக்குத் தெரியாமல் படியேறி, கதவை ஒரு சாண் திறந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் உள்ளே நீட்டினார். ஒரு கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் வாங்கினேன். சுடச்சுட இருந்தது.

பிள்ளை குடித்ததோ என்று அவர் கேட்கவே இல்லை. வினிகர் போதுமோ என்றுதான் கேட்டார்.